சிறுமியை இழுத்துப் பிடித்த பம்ப்!
நீச்சல் குளத்துக்கு பம்ப் வாங்குகிறவர்கள் "எத்தனை குதிரை சக்தி?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பெரிசா இருந்தா நல்லது என்ற நினைப்பு. தப்புக் கணக்கு!

2002-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்தது இது. முன்னாள் வெளியுறவு மந்திரி ஜேம்ஸ் பேக்கரின் 7 வயது பேத்தி வெந்நீர்த் தொட்டியில் இறங்கினாள். அடியில் இருந்த வடிகால் வாய் அவளை உறிஞ்சிப் பிடித்துக் கொண்டது. பெற்ற தாய் இழுத்தும் வரவில்லை. சிறுமி மூழ்கி இறந்தாள்.

அதன்பிறகு, 2007-ல் சட்டம் வந்தது. உடம்பு ஒட்டிக்கொள்ளாத மூடி கட்டாயம். ஒரே வடிகால் உள்ள பொதுக் குளம் என்றால், ஆள் சிக்கியதும் பம்பை நிறுத்தும் கருவியோ அதுபோன்ற வேறு ஏற்பாடோ வேண்டும்.

சரி, எவ்வளவு பம்ப் போதும்? 2,40,000 லிட்டர் குளம், 6 மணி நேரத்தில் ஒரு சுற்று வடிகட்ட வேண்டும் என்றால், குழாய்த் தடையைத் தாண்டி மணிக்கு 40,000 லிட்டர் தள்ளினால் போதும். அதற்கு மேலே போனால் கரண்ட் பில் எகிறும், வடிகட்டி திணறும். அந்த இழுப்பு முழுவதும் ஒரே வாய் வழியாகப் போனால், ஆபத்து அங்கேதான்.