ஏர் ஸ்க்ரூவைத் திருகும் முன் மிதவையை அளந்து பாருங்கள்
2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் புது பைக்குகளில் கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் குண்டடத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஓடும் பழைய வண்டிகளுக்கு அதுதான் உயிர். மைலேஜ் குறைந்தால் உடனே ஏர் ஸ்க்ரூவைத் திருகுவது தவறு. அது ஐட்லிங்கைத்தான் சரிசெய்யும். மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் எல்லா வேகத்திலும் காற்று-பெட்ரோல் கலவை செறிந்து பிளக் கறுக்கும். தாழ்ந்தால் இன்ஜின் சூடேறும். கார்புரேட்டரைச் சாய்த்து, மிதவையின் நாக்கு ஊசி வால்வைத் தொட்டும் தொடாமலும் நிற்கையில், மிதவையின் உயரம் வண்டிக் கம்பெனி குறித்த மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளக்க வேண்டும்.

நேரமில்லை என்பார்கள் மெக்கானிக்குகள். அந்த நெருக்கடி உண்மைதான். ஆனால் அளக்காமல் விட்டால் வண்டி மறுபடி பட்டறைக்கே வரும். சாகப்போகும் தொழில்நுட்பத்துக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்றும் கேட்பார்கள். ஆனால் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல், காற்றோடு சேரும் கலவையை மெலிவிக்கிறது, பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்கிறது. ஆகவே இப்போதுதான் மிதவையை அளப்பது கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஐடிஐ மெக்கானிக் பாடத்திலிருந்து இந்த அளவீட்டை நீக்கிவிடக் கூடாது.