பட்டறைக்குப் போவது தண்டனையா?



“ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறையில் வேலை செய்யத்தான் போவாய்.” வகுப்பறையில் நாம் எளிதாகச் சொல்லிவிடும் வாக்கியம் இது. வீட்டிலும் சொல்கிறோம். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு பழைய வேனின் பெட்ரோல் தொட்டியை மாற்றுவதற்கு உதவப் போன நாளிலிருந்து அதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் குடியிருப்பில் பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகன் என் மாணவன். வேன் கார்புரேட்டர் காலத்தைச் சேர்ந்தது. ஒரு நாள் அதன் அடியில் பெட்ரோல் வாடை வீசியது. குனிந்து பார்த்தால், இரும்புத் தொட்டியின் அடிவிளிம்பு துருவேறிக் கசிந்து கொண்டிருந்தது. பிள்ளைகளை ஏற்றும் வண்டி என்பதால் அவர் அன்றே அதை நிறுத்திவிட்டார். வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும். ஆகவே பள்ளி விடுமுறைக்குள், வீட்டு வாசலிலேயே வேலையை முடித்துவிடத் தீர்மானித்தார்.

“ஓட்டையைப் பற்றவைத்து அடைத்தால் செலவு குறையுமே?” என்று கேட்டேன்.

“சார், பெட்ரோல் நிறைஞ்ச தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் ஆபத்து” என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. எரிவது பெட்ரோல் அன்று, அதன் ஆவி. காற்றில் அந்த ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த தொட்டியில் ஆவிக்கும் காற்றுக்கும் இடம் குறைவு. காலியான தொட்டியிலோ இரண்டும் கலந்து நிற்கின்றன. நீரால் கழுவினாலும் மடிப்புகளிலும் துருவிலும் பெட்ரோல் தங்கியிருக்கும். எனவே துருவேறிய தொட்டியை வீட்டில் பற்றவைக்கவே கூடாது. புதிதாக மாற்றுவதே முறை.

அடுத்து நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். வேனுக்கு அடியில் இருட்டாக இருந்ததால், வீட்டிலிருந்து மின்கம்பி இழுத்து ஒரு குண்டு விளக்கைக் கொண்டு வந்தேன். அண்ணன் உடனே அணைக்கச் சொன்னார். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். சூடான குண்டின் மீது ஒரு சொட்டு பெட்ரோல் தெறித்தால் கண்ணாடி வெடித்து, உள்ளிருக்கும் கம்பியே தீ மூட்டிவிடும். அடர்த்தி மிகுந்தது கீழே தங்கும் என்று ஆண்டுதோறும் நீரையும் எண்ணெயையும் காட்டிக் கற்பிப்பவன் நான். வாசலில் அந்தப் பாடம் என் நினைவுக்கு வரவில்லை. ஆறாம் ஆண்டோடு தோட்டப் பள்ளியை விட்டவருக்கு அது கைவந்திருந்தது.

அவர் வேலை செய்த ஒழுங்கும் கவனத்திற்குரியது. சமதரையில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினார். எஞ்சிய பெட்ரோலை வாயால் உறிஞ்சாமல், கைப்பம்பால் மூடியுள்ள கலனுக்கு மாற்றினார். தொட்டிக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கால் தாங்கிய பிறகே பட்டைகளின் திருகுகளைத் தளர்த்தினார். அடியில் சிறிது பெட்ரோல் மிஞ்சினாலும் அது ஒரு பக்கம் ஓடித் தொட்டியைக் கவிழ்த்துவிடும்; எனவே இருவர் பிடித்துத்தான் இறக்கினோம். புதிய தொட்டிக்குப் பழைய ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் பயன்படுத்தவில்லை. முதலில் சில லிட்டர் மட்டும் ஊற்றி, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிக் கசிவில்லை என்று உறுதி செய்த பின்னரே வண்டியைக் கிளப்பினார்.

பழைய தொட்டியைக் கவிழ்த்தபோது துருத்தூளும் நீரும் கொட்டின. நீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் தங்கி உள்ளிருந்தே இரும்பை அரித்திருக்கிறது. துருப்பிடித்தலுக்கு இதைவிட நல்ல பாடத்துணைப்பொருள் எங்கே கிடைக்கும்?

மாணவனை வேனருகே விடவில்லை, விடவும் கூடாது. தொலைவில் மேசை போட்டு அமர்ந்த அவனுக்கு ஒரு பணி கொடுத்தார் தந்தை. எந்தக் குழாய் எங்கிருந்து கழன்றது என்று நாங்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். கட்டுரை என்றால் நான்கு வரியில் நிறுத்திவிடும் அவன், ஒரு பக்கம் நிறைய வரிசை தவறாமல் எழுதியிருந்தான். மீண்டும் பொருத்தும்போது அந்தத் தாளைப் பார்த்துத்தான் பொருத்தினோம்.

என் கருத்து இதுதான். எல்லாப் பிள்ளைகளும் பட்டறைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் எல்லாரும் தொட்டியைக் கழற்றலாம் என்றும் சொல்லவில்லை. ஏன் என்று அறியாதவர் அதைத் தொடக் கூடாது. ஆனால் அறிவியலும் ஒழுங்கும் பொறுப்பும் கேட்கும் ஒரு தொழிலைப் படிப்பு வராததற்குத் தண்டனையாகக் காட்டுவது இரட்டைத் தவறு. தொழிலையும் இழிவுபடுத்துகிறோம், அத்தொழிலால் வாழும் பெற்றோரை அவர்தம் பிள்ளையின் முன்னிலையில் தாழ்த்துகிறோம். அறிவில்லாமலும் அங்கே வேலை செய்யலாம் என்ற ஆபத்தான எண்ணத்தையும் விதைக்கிறோம்.

ஆசிரியர்களே, துருவையும் அடர்த்தியையும் கற்பிக்கும்போது வண்டியையும் பேசுங்கள். பெற்றோர்களே, வீட்டில் பழுது பார்க்கும் நாளில் பிள்ளைகளைப் பாதுகாப்பான தொலைவில் அமர்த்தி, ஏன், எதற்கு என்று சொல்லிக் கொடுங்கள்.

அந்த வாக்கியத்தை அந்த மாணவனிடமும் சொல்லியிருக்கிறேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரமே, வகுப்பின் முன்னிலையில் அது தவறு என்று ஒப்புக்கொண்டேன்.