கல்லையும் கற்போம்

'கல்' என்ற சொல்லுக்கு நம் தமிழில் இரண்டு பொருள் உண்டு. காலில் இடறுவதும் கல்; 'படி' என்று ஆசிரியர் ஏவுவதும் கல். இவ்விரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு நிகழ்ச்சியை 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நம் நாடு கண்டது. அம்மாதம் 23-ஆம் நாள் சந்திரயான்-3 திட்டத்தின் 'விக்ரம்' கலம் நிலவின் தென்துருவப் பகுதியை ஒட்டி மெல்ல இறங்கியது. அதிலிருந்து 'பிரக்யான்' என்னும் ஆறு சக்கர வண்டி உருண்டு வந்து, அங்குள்ள மண்ணையும் கல்லையும் கற்கத் தொடங்கியது.

"615 கோடி ரூபாய் செலவு செய்து கல்லையும் மண்ணையும் பார்க்க வேண்டுமா? இங்கே செய்ய வேண்டிய வேலை எவ்வளவோ இருக்கிறதே!" என்று கேட்பவர்கள் நம் ஊரில் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கல்லை ஆராயும் கல்வி வீண் செலவன்று என்பதும், அது நம் திருப்பூர்ப் பெண்களுக்கு மிகவும் பொருந்திய கல்வி என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களைக் கூறுகிறேன்.

பிரக்யான் எப்படி வேலை செய்தது என்று முதலில் பார்ப்போம். அதன் எடை 26 கிலோ. வேகமோ நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான்! ஏறத்தாழப் பத்து நாட்களில் அது நகர்ந்த தூரம் நூறு மீட்டருக்குச் சற்று அதிகம். ஆனால் அதற்குள் 23 இடங்களில் நின்று மண்ணைச் சோதித்தது. அதனிடம் இருந்தவை இரண்டே கருவிகள். ஒன்று, ஆல்பா துகள்களையும் எக்ஸ் கதிர்களையும் மண்ணின் மீது செலுத்தி, மண்ணிலிருந்து திரும்பி வரும் கதிர்களைக் கொண்டு அதிலுள்ள தனிமங்களைச் சொல்வது. மற்றொன்று, லேசர் ஒளியால் மண்ணைச் சுட்டு, அப்போது எழும் சுடரின் நிறங்களைப் படிப்பது. ஆகஸ்டு 27-ஆம் நாள், 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று 3 மீட்டர் முன்னால் தென்பட்டது. உடனே விஞ்ஞானிகள் ஆணையிட, வண்டி வந்த வழியே திரும்பி வேறு பாதையில் சென்றது. அவசரம் இல்லை, அலட்சியமும் இல்லை.

இந்த வேலைக்கு ஒத்திகை பார்க்க உதவியது எந்த ஊர் மண் தெரியுமா? ஈரோடு தாண்டிக் காவிரியைக் கடந்தால் வரும் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களின் பாறைதான்! 'அனார்த்தோசைட்' என்னும் அந்த வெளிறிய பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. நிலவின் மேட்டு நிலத்துப் பாறையை ஒத்தது. அதைப் பொடியாக்கிப் பரப்பித்தான் கலத்தின் கால்களும் வண்டியின் சக்கரங்களும் பெங்களூரில் சோதிக்கப்பட்டன. எத்தனையோ தலைமுறைகளாக ஆடு மாடு மேய்ந்த கரட்டுக்கு இப்படி ஒரு பெருமை இருப்பதை, கல்லைப் படித்தவர்கள் அல்லவா கண்டு சொன்னார்கள்?

பிரக்யான் கண்டது என்ன? 2024 ஆகஸ்டில் அதன் முடிவுகள் 'நேச்சர்' என்னும் ஆராய்ச்சி இதழில் வெளியாயின. அங்குள்ள மண்ணும் பெரும்பாலும் அனார்த்தோசைட் வகையே. அப்பல்லோ வீரர்கள் முன்னர் எடுத்து வந்தவை நிலவின் நடுப்பகுதியைச் சேர்ந்த கற்கள். தெற்கிலும் அதே இனம் கிடைத்ததால், நிலவு முழுவதும் ஒரு காலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்ற கருத்து வலுப்பெற்றது. காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவதுபோல, எடை குறைந்த கனிமங்கள் மிதந்து மேலே வந்து உறைந்தனவாம். எதிர்பார்த்ததைவிட மெக்னீசியம் மிகுந்த பொருளும் அந்த மண்ணில் கலந்திருந்தது. மிகப் பழைய காலத்தில் ஏதோ ஒரு பெரும் மோதல் அதை ஆழத்திலிருந்து வெளியே வாரி இறைத்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

செவ்வாய்க் கிரகத்திலும் இப்படி ஒரு வியப்பு நேர்ந்தது. 2012 முதல் அங்கே உலவிய அமெரிக்காவின் 'கியூரியாசிட்டி' வண்டி, 2024 மே 30 அன்று ஒரு கல்லின் மீது ஏறியது. கல் உடைந்தது. உள்ளே மஞ்சள் நிறப் படிகங்கள்! சோதித்துப் பார்த்தால் தூய கந்தகம். பிற பொருள்களோடு சேர்ந்த கந்தகத்தை அங்கே முன்பே கண்டிருந்தார்கள். தனிக் கந்தகத்தைக் கண்டது அதுவே முதல் முறை. வெளியே பார்த்தால் சாதாரணக் கல். உடைத்து, உற்று நோக்கி, அளந்த பிறகே உண்மை வெளிப்பட்டது.

தோழியரே! இந்த வேலை நமக்குப் புதிதா என்ன? பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசையின் முன் நிற்கும் நம் அன்னையரும் அக்காமாரும் நாள்தோறும் செய்வது இதுவே அன்றோ? ஒவ்வொரு பீஸையும் விரித்து, திருப்பி, ஓட்டையா, எண்ணெய்க் கறையா, தையல் விட்டதா என்று பார்க்கிறார்கள். துணியின் கனத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தராசில் நிறுத்துச் சொல்கிறார்கள். பொறுமையும் கூர்மையான பார்வையும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. இல்லாதது, அந்தப் பார்வையை வைத்து மேலே படிக்கும் வாய்ப்புதான்.

இங்கே செய்ய வேண்டிய வேலைக்கும் இந்தக் கல்வியே தேவை. நம் நொய்யலை நினைத்துப் பாருங்கள். நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. சாயக்கழிவால் ஆறு கெட்டு, கீழ்ப்பாசன விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. சொட்டு நீரும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை அதற்கு முன்பே இங்கே கட்டாயமாக்கப்பட்டிருந்தது. கண்ணீரோடு சொன்ன குறைகளுக்குப் பலம் தந்தவை அளந்து சொன்ன எண்கள். மண்ணையும் நீரையும் அளக்கத் தெரிந்த பெண்கள் இந்த ஊருக்கு வேண்டாமா?

அன்புள்ள பெற்றோர்களே! சனிக்கிழமை தோறும் கிடைக்கும் வாரச் சம்பளத்தின் அருமை எங்களுக்குத் தெரியும். கடனும் வாடகையும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே மகளைக் கம்பெனிக்கு அனுப்ப அவசரப்பட வேண்டாம் என்று பணிவுடன் வேண்டுகிறேன். சந்திரயான்-1 திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்து தமிழ்வழியில் படித்தவர். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன், பாலிடெக்னிக்கில் தொடங்கியவர். பெண்களும் பின்தங்கவில்லை. சந்திரயான்-2 திட்ட இயக்குநர் வனிதா. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தை நடத்தியவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. இவர்களை வீட்டார் பாதியில் நிறுத்தியிருந்தால், இழப்பு அந்த வீட்டோடு நின்றிருக்குமா?

நம் பள்ளிக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூடத்தில் கற்களுக்கென ஓர் அலமாரி ஒதுக்கித் தாருங்கள். காங்கேயத்து நிலாக்கல், சேலத்து வெள்ளைக்கல், சங்ககிரிச் சுண்ணாம்புக்கல், சித்தம்பூண்டி அனார்த்தோசைட் ஆகியவற்றை விடுமுறையில் உறவினர் ஊர்களுக்குச் செல்லும் மாணவியரே கொண்டு வந்து வைக்கலாம். ஒவ்வொன்றின் அருகிலும் பெயர், கிடைத்த இடம், எடை, நிறம், கீறினால் தெரியும் கடினம் ஆகியவற்றை எழுதி வைப்போம். இதற்குக் கோடிகள் வேண்டாம். ஒரு தராசும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும்.

நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்த வண்டி நிலவின் பிறப்பைப் பற்றிச் சொல்லிவிட்டது. அடிமேல் அடி வைக்க நாங்களும் ஆயத்தமாக இருக்கிறோம். வழியை மறிக்காமல் இருந்தால் போதும்!