தமிழ் உதவிப் பக்கங்களின் பொருளடக்கம்: கணினி வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். என்னிடம் படித்துவிட்டு இன்று சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். போனில் தமிழ் படிக்கிற எல்லோருக்கும் உள்ள தொல்லைதான் இது.

இப்போது எந்தச் செயலியைத் திறந்தாலும் 'உதவி' என்று ஒரு பகுதி இருக்கிறது. பலவற்றில் தமிழும் வந்துவிட்டது. சந்தோஷம். உதவிப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது பொருளடக்கம். புத்தகமாக இருந்தால் பக்க எண் பார்த்துப் புரட்டுவோம். இங்கே வரியைத் தொட்டால் அந்த இடத்துக்கே கொண்டுபோய் விடும். அதாவது ஒவ்வொரு வரியும் ஒரு லிங்க். அந்த வரிகள் என்ன நிறத்தில், எவ்வளவு இடைவெளியில், அடிக்கோட்டோடா இல்லாமலா தெரிய வேண்டும் என்பதையெல்லாம் ஸ்டைல்ஷீட் என்ற கோப்பில் எழுதி வைக்கிறார்கள். அதற்கான மொழி சிஎஸ்எஸ். 1994-ல் ஹோகுன் வியும் லீ என்ற நார்வேக்காரர் முன்வைத்த யோசனை அது. 1996 டிசம்பரில் அதன் முதல் வடிவம் முறைப்படி வெளிவந்தது. ஓய்வு பெற்ற பிறகு பேத்தியிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இலக்கணம் நடத்தியவனுக்கு அது ஒன்றும் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. எதற்கு என்ன விதி, விதிவிலக்கு என்ன, அவ்வளவுதான்.

நான் பார்த்த தமிழ் உதவிப் பக்கங்களில் பெரும்பாலானவற்றில் சொற்கள் தமிழில் இருக்கின்றன, ஸ்டைல்ஷீட் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்ததாகவே இருக்கிறது. என் புகார் அதுதான்.

பெரிய குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம் குறைவு என்று, பொருளடக்க வரி ஒரு வரிக்கு மேல் போனால் மிச்சத்தை மறைத்து மூன்று புள்ளி வைக்கிற விதியைப் போட்டுவிடுகிறீர்கள். ஆங்கிலத்தில் இதனால் பெரிய நட்டமில்லை. 'சேஞ்ச் பாஸ்வேர்ட்', 'ரீசெட் பாஸ்வேர்ட்' என்று வினை முன்னால் நிற்கும். வால் போனாலும் தலையை வைத்து அடையாளம் தெரிந்துவிடும். தமிழில் வினை கடைசியில் அல்லவா வரும்? 'கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி', 'கடவுச்சொல்லை மறந்துவிட்டால்', 'கடவுச்சொல்லை யாராவது கேட்டால்'. வெட்டிப் பாருங்கள். மூன்றும் 'கடவுச்சொல்லை…' என்றுதான் நிற்கும். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, அதில் பயனிலையைக் கொண்டுபோய் புள்ளிக்குள் ஒளித்து வைத்துவிட்டீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி, 78 வயது. வாழ்நாள் சான்றிதழை வீட்டில் இருந்தபடியே போனில் கொடுத்துவிடலாம் என்று மகன் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். எந்தச் செயலி என்பது இங்கே வேண்டாம். நடுவில் எங்கோ நின்றுவிட, அண்ணாச்சி உதவிப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். என்னிடம் வந்து, "வாத்தியாரே, ஒரே வரிய அஞ்சு தடவ போட்டு வச்சிருக்கான், இதுல எதத் தொடணும்?" என்று நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். 'வாழ்நாள் சான்றித…' என்று ஐந்து வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக. முதல்முறை பதிவது ஒன்று, நிராகரித்தால் என்ன செய்வது என்பது ஒன்று, இன்னும் மூன்று. உள்ளே எழுதியிருந்த தமிழ் நல்ல தமிழ், குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் என்னிடம் வருவதற்குள் இரண்டு வரியைத் தொட்டு, தப்பான இடத்துக்குப் போய், அலுத்துவிட்டார். மறுநாள் காலையில் தென்காசிக்கு பஸ் ஏறிப்போய் அங்கே ஒரு கடையில் காசு கொடுத்து முடித்துவிட்டு வந்தார். சான்றிதழ் போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அதனால்தான் இதை வெறும் அழகு சமாச்சாரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

இதற்கு மருந்து சுலபம். வெட்டாதீர்கள், வரியை மடங்க விடுங்கள். மடங்கிய இரண்டாம் வரியைச் சற்று உள்ளே தள்ளி வைத்தால் அது மேல் வரியின் தொடர்ச்சி என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, பெரிய எழுத்து. ஆங்கிலப் பொருளடக்கத்தில் முதன்மைத் தலைப்பை முழுக்கக் கேப்பிட்டலில் காட்டு என்று ஒரு விதி போடுவார்கள், துணைத் தலைப்பு சாதாரண எழுத்தில் வரும். நம் மொழியில் கேப்பிட்டல் ஏது? அந்த விதி சத்தமில்லாமல் செத்துப்போகிறது. தாய்த் தலைப்பும் பிள்ளைத் தலைப்பும் ஒரே மாதிரி நிற்கின்றன. சாய்வெழுத்தும் அப்படித்தான், தமிழ் எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லாதபோது பிரவுசர் தானாகப் பிடித்துச் சாய்த்துவிடுகிறது. படிக்கிறவனுக்குக் கழுத்து வலி. தலைப்பின் படிநிலையைக் காட்டத் தமிழுக்கு உள்தள்ளலும் எழுத்தின் அளவும் போதும். (வரிசை எண்களை ௧, ௨, ௩ என்று வரவைக்கவும் சிஎஸ்எஸ்ஸில் வழி இருக்கிறது. எனக்கு ஆசைதான். ஆனால் உதவி தேடி வருகிறவரிடம் தமிழ் எண் பரீட்சை வைக்கக் கூடாது.)

அடிக்கோட்டுக்கு வருவோம். அடிக்கோடு அசிங்கம் என்று எடுத்துவிட்டு, மவுஸ் மேலே வந்தால் மட்டும் தெரியட்டும் என்று எழுதுகிறீர்கள். ஹோவர் என்று அதற்குப் பெயர். எங்கள் ஊரில் யார் கையில் மவுஸ் இருக்கிறது? எல்லாம் போன். விரல் கண்ணாடிக்கு மேலே நிற்பதைப் போன் அறியாது. ஆகவே அது தொடக்கூடிய வரி என்று கடைசி வரை தெரியாமலே போகிறது.

அடிக்கோட்டை அப்படியே திருப்பிப் போட்டாலும் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. கு, ரு, ழு, ளு, ற, ஞ என்று கீழே கால் நீட்டுகிற எழுத்து நமக்கு அதிகம். எழுத்தின் காலில் படாமல் இருக்கட்டும் என்று பிரவுசர் அந்தந்த இடத்தில் கோட்டை விட்டுவிட்டுப் போடும். ஆங்கிலத்தில் எப்போதோ ஒரு இடம் விடும். தமிழில் கோடு எலி கடித்த மாதிரி ஆகிவிடும். இதற்கும் விதி இருக்கிறது, 'டெக்ஸ்ட் அண்டர்லைன் ஆஃப்செட்'. எழுத்தளவில் கால் பங்கு கீழே இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். வரிகளுக்கு இடையே உள்ள இடத்தையும் கூட்டுங்கள். மேலே புள்ளியும் விசிறியும், கீழே காலும் உள்ள எழுத்து நம்முடையது. ஆங்கிலத்துக்கு வைத்த நெருக்கத்தில் மேல் வரியின் காலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்கின்றன. விரலுக்கும் இடம் வேண்டும். 2023 அக்டோபரில் வந்த 2.2 அணுகல் வழிகாட்டுதல், தொடுகிற இடம் குறைந்தது 24 பிக்சல் சதுரமாவது, அல்லது அதற்கு ஈடான இடைவெளியாவது இருக்க வேண்டும் என்கிறது. நடுங்குகிற கைக்கு அதுவும் பற்றாது என்பது என் அபிப்பிராயம்.

ஏற்கெனவே தொட்டுப் பார்த்த வரி வேறு நிறத்தில் தெரிவது பழைய வழக்கம். நீலம் ஊதாவாகும். இப்போது இரண்டுக்கும் ஒரே நிறம் வைத்துவிடுகிறார்கள். ஐந்து வரியில் எதையெல்லாம் பார்த்துவிட்டோம் என்று மறந்துபோகிற வயதுக்காரனுக்கு அந்த ஊதாதான் துணை.

"சார், ஆங்கிலப் பக்கமும் தமிழ்ப் பக்கமும் ஒரே ஸ்டைல்ஷீட். தமிழுக்கென்று தனியாகச் செய்ய மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று ஒரு மாணவன் சொன்னான். தனியாக எதற்கு? அதே கோப்பில், மொழி தமிழ் என்றால் இந்த விதி என்று சொல்லச் சிஎஸ்எஸ்ஸிலேயே வழி இருக்கிறதே. பக்கத்தில் மொழிக் குறி சரியாகப் போட்டிருந்தால் நாலைந்து வரி போதும், நூறு பக்கமும் ஒரே நாளில் மாறிவிடும். உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரித்து வைத்ததே இந்த வசதிக்குத்தான்.

செய்ய முடியும் என்பதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். 2003-லிருந்து இருக்கிறது. கட்டுரையின் தலைப்புகளிலிருந்து பொருளடக்கம் தானாக வந்துவிடும். கணினியில் இப்போது அது பக்கவாட்டில் நிற்கிறது, நீளமான தலைப்பை வெட்டாமல் மடக்கிக் காட்டுகிறது, நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் பகுதியைத் தடித்த எழுத்தில் சுட்டுகிறது.

ஆடி மாதம் சூரியகாந்தித் தோட்டம் பார்க்கக் குடும்பத்தோடு சுந்தரபாண்டியபுரம் வருகிறவர்கள் உங்களில் பலர் உண்டு. படம் எடுத்து முடித்ததும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி வீட்டுக்கு வாருங்கள். நீங்கள் வேலை பார்க்கிற செயலியின் தமிழ் உதவிப் பக்கத்தைப் போனில் திறந்து கொண்டு வந்தால் போதும். பென்ஷன்காரர்கள் நாலு பேரை நான் கூப்பிட்டு வைக்கிறேன், அந்த அண்ணாச்சியையும் சேர்த்து.