வரிசை எண் வேறு, பதிவு எண் வேறு!



இறுதியாண்டு பிராஜெக்ட் என்றாலே இப்போது நம் துறையில் பாதிப் பேருக்கு மொபைல் ஆப்தான். ரியாக்ட் நேட்டிவில் ஒரு பட்டியல் எழுதி ஓடவிட்டால், முதல் வேலையாக ஒரு எச்சரிக்கை வந்து நிற்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனியான ஒரு 'கீ' வேண்டுமாம். நம்ம லேபில் இதற்கு வழிவழியாக வந்த வைத்தியம் இரண்டு. மேப்பில் கிடைக்கும் இன்டெக்ஸைத் தூக்கிக் கீ என்று போடுவது ஒன்று. லாக்பாக்ஸில் ஒரு வரி எழுதி எச்சரிக்கையின் வாயையே அடைப்பது இன்னொன்று. "ஓடுதுல்ல, அப்புறம் என்னடா?" என்பார்கள் சீனியர் அண்ணன்கள். வைவாவில் யாரும் இதைக் கேட்பதில்லை என்பதும் உண்மையே. ஆனாலும் இரண்டுமே தப்பு என்பது என் கருத்து.

எங்கள் அம்மா தினமும் காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்கள். வரிசையில் இன்றைக்கு மூன்றாவது ஆள், நாளைக்கு ஒன்பதாவது ஆள். ஊரில் லட்சுமி என்ற பெயரில் நாலு பேர். ஆனால் அட்டையில் உள்ள உறுப்பினர் எண் ஒருவருக்கு ஒன்றுதான். லிட்டரும் காசும் அந்த எண்ணில்தான் ஏறும். வரிசையில் நின்ற இடத்தைப் பார்த்துக் காசு கொடுத்தால் ஊரே சண்டைக்கு வந்துவிடாதா? இன்டெக்ஸ் என்பது அந்த வரிசை இடம். கீ என்பது உறுப்பினர் எண். இவ்வளவுதான் விஷயம்!

ரியாக்ட் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிடும்போது பெயரைப் பார்ப்பதில்லை, கீயைத்தான் பார்க்கிறது. சந்தேகமிருந்தால் செய்து பாருங்கள். குமார், மணி, செல்வம் என்று ஒரு மெஸ் பட்டியல். 'பணம் கட்டியாச்சு' என்ற டிக்கை அந்தந்த வரியே தன் ஸ்டேட்டில் வைத்திருக்கட்டும். கீயாக இன்டெக்ஸ். குமாருக்கு டிக் போட்டுவிட்டு, குமாரைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். இப்போது மணி 0-ஆம் இடத்துக்கு வருவான். ரியாக்டோ, "0 அப்படியே இருக்கிறது, பெயர்தான் மாறியிருக்கிறது, போனது 2" என்று முடிவு கட்டிக் கடைசி வரியின் ஸ்டேட்டை எடுத்துவிடும். குமாரின் டிக் மணி தலையில்! பைசா கட்டாத மணிக்குக் கொண்டாட்டம். எச்சரிக்கையோ ஒன்றும் வராது, இன்டெக்ஸ் கொடுத்துவிட்டோமே!

மேத் ரேண்டம் போடுகிற புத்திசாலிகளும் உண்டு. அது தினம் ஒரு புது உறுப்பினர் எண் கொடுப்பது மாதிரி. திரை மறுபடி வரையப்படும்போதெல்லாம் வரிகளை இடித்துப் புதிதாகக் கட்டும். டைப் அடித்துக்கொண்டிருந்த பெட்டியும் அதோடு போகும்.

சரியான வழி சிரமமே இல்லை. டேட்டாபேஸில் வரும் ஐடியையே கீயாகக் கொடுங்கள். மேப் எழுதினால், அது திருப்பித் தரும் வெளி உறுப்பின் மேலேயே கீ இருக்க வேண்டும். காம்பொனென்டுக்கு உள்ளே இருக்கும் வியூவில் வைத்தால் பயனில்லை. ஃபிளாட்லிஸ்ட் என்றால் கீஎக்ஸ்ட்ராக்டரில் ஐடியை ஸ்ட்ரிங்காக மாற்றித் திருப்பினால் போதும். ஐடியே இல்லாத டேட்டாவா? வரி உருவாகும் நேரத்தில் ஒரு எண் கொடுத்து டேட்டாவோடு சேமியுங்கள், திரையில் வரையும் நேரத்தில் வேண்டாம். இரண்டு துறை மாணவர்கள் ஒரே பட்டியலில் வந்தால் ரோல் நம்பர் 12 இரண்டு பேருக்கு இருக்கும்; துறைக் குறியீட்டையும் சேர்த்துக் கீயாக்குங்கள். திங்கள், செவ்வாய் என்று என்றைக்கும் மாறாத பட்டியலுக்கு இன்டெக்ஸ் போட்டால் குடி முழுகிவிடாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"ஒரு டிக்குக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நோட்டில் தப்பு என்றால் பக்கத்து வீட்டு அக்காவைப் படிக்கச் சொல்லிச் சண்டை போட்டுவிடுவார்கள். போனில் காட்டி, "உங்களுக்குப் பணம் கொடுத்தாச்சு, பாருங்க டிக் இருக்கு" என்று ஒருவர் சொன்னால், அம்மா என்ன பேச முடியும்? கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்று திரும்பி வந்துவிடுவார்கள். டிப்ளமோ முடித்து அப்படிப்பட்ட பட்டியல்களை எழுதப் போவது யார்? நாம்தானே! ரிலீஸ் பில்டில் இந்த எச்சரிக்கை வரவே வராது. எழுதும்போது நம் கண்ணில் படுவதோடு சரி. அதையும் நாம் அமுக்கிவிட்டால், அந்த வரியில் பெயர் இருப்பவருக்குச் சொல்ல ஆளே இல்லை.

ஆகவே சீனியர் அண்ணன்களே, அக்காக்களே! ஜூனியர்களுக்கு நீங்கள் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கும் பிராஜெக்ட் ஃபோல்டரில் இருந்து அந்த லாக்பாக்ஸ் வரியை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.