மணி முதலில் வீட்டுக்குள் அடிக்கட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு ஊரில் அப்பா அம்மாவைத் தனியே விட்டிருக்கும் பிள்ளைகள் மட்டுமாவது கடைசிவரை படியுங்கள்.

விஷயம் ரொம்பச் சின்னது. எங்கள் வீட்டு காலிங் பெல்.

பழனிசெட்டிபட்டியில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது மாட்டிய பெல் அது. வெள்ளைப் பெட்டி, உள்ளே இரண்டு உலோகப் பட்டை. அமுக்கினால் 'டிங்', விரலை எடுத்தால் 'டாங்'. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை. சாருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். ஆனாலும் அந்தச் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டுவிடும்.

இந்த வருஷம் ஆனி மாதம் டாலஸிலிருந்து மகள் வந்தாள். கையோடு ஒரு வீடியோ டோர்பெல் கொண்டுவந்தாள். யாராவது வாசலில் வந்து அமுக்கினால் போனில் முகம் தெரியும், பேசலாம். "நான் அங்கிருந்தே பாத்துக்குவேம்மா, நீங்க பயமில்லாம இருக்கலாம்" என்றாள். பிள்ளையின் அக்கறையை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவள் வீட்டிலும் இதே கருவிதான். அங்கே பழைய மணிக்குப் போகும் இரண்டு ஒயரில் சுவிட்சைக் கழற்றிவிட்டு இதை மாட்டினாளாம். அரை மணி நேர வேலை என்றாள்.

எலக்ட்ரீஷியன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். (அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) கேட் பக்கத்துச் சுவிட்சைக் கழற்றி, அந்த ஒயரையே கருவியில் கொடுக்கப் போனான். எனக்கு வாத்தியார் புத்தி. எதையும் படிக்காமல் விடமாட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கருவியின் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தேன். 16 முதல் 24 வோல்ட் ஏசி என்று இருந்தது.

"தம்பி, நம்ம பெல் லைன்ல எவ்வளவு வருது?"

"230 டீச்சர்."

"இதுல என்ன போட்டிருக்கு பாரு."

பார்த்தான். கையை எடுத்துவிட்டான். கொடுத்திருந்தால் கருவி அன்றைக்கே புகைந்திருக்கும். அவன் கைக்கும் ஆபத்தாகியிருக்கலாம்.

அமெரிக்காவில் வீட்டு மின்சாரமே 120 வோல்ட்தான். அதையும் பெல்லுக்கு நேராகக் கொடுப்பதில்லை. ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்து 16 அல்லது 24 வோல்ட்டாகக் குறைத்துத்தான் வாசல் சுவிட்சுக்கு அனுப்புகிறார்கள். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் 230 வோல்ட் அப்படியே கேட் சுவிட்ச் வரைக்கும் போகிறது. மழையில் நனைகிற சுவிட்ச் அது. ஈரக் கையோடு குழந்தைகள் அமுக்குகிற சுவிட்ச் அது. பெல் அடிக்க அவ்வளவு வோல்ட் தேவையே இல்லை. நாம் யாரும் இதை யோசிப்பதில்லை.

சரி, டிரான்ஸ்பார்மர் வாங்கி வந்தான். 9-0-9, அரை ஆம்பியர். இரண்டு ஓர முனையையும் எடுத்தால் 18 வோல்ட். பகலில் நன்றாக ஓடியது. இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து வந்தது. இணையக் கோளாறு என்று ரூட்டரைத் திட்டினோம். அது பாவம். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான் விடை சொன்னது. 18 × 0.5 = 9 விஏ. பெட்டியில் போட்டிருந்ததோ 10 முதல் 40 விஏ. இருட்டினால் கேமரா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக்கொள்ளும், மின்சாரம் கூடுதலாக இழுக்கும், டிரான்ஸ்பார்மர் தாக்குப்பிடிக்காது. 2 ஆம்பியர் உள்ளதாக மாற்றினான். 18 × 2 = 36. சரியாகிவிட்டது.

அடுத்ததுதான் நாங்கள் செய்த தப்பு. பழைய பெல் 230 வோல்ட் பெல். அதன் சுருள் 18 வோல்ட்டுக்கு அசைந்துகூடக் கொடுக்காது. "விடுங்க டீச்சர், போன்லதான் அடிக்குமே" என்றான் மாணவன். மகளும் சரி என்றாள். சைம் இல்லாமல் இணைக்கக் கருவியோடு வந்திருந்த சின்னத் துண்டைப் போட்டு முடித்துவிட்டான். பழைய பெல்லைக் கழற்றிப் பரணில் போட்டோம். நானும் தலையாட்டினேன். மகள் ஊருக்குப் போய்விட்டாள்.

ஆடி மாதம், சாரலும் காற்றுமாக ஒரு ராத்திரி. நாங்கள் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். என் போன் அடுப்படியில் சார்ஜில் கிடந்தது. பத்தரை மணிக்கு வீட்டு லேண்ட்லைன் அடித்தது. மகள். "அம்மா, ஒன்பதரை மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசல்ல வந்து நின்னாங்களே, என்ன விஷயம்? நான் மீட்டிங்ல இருந்தேன், இப்பத்தான் பாக்குறேன்." அங்கே அப்போது பகல்.

வீடியோவை அனுப்பினாள். அந்த அக்கா குடைகூட இல்லாமல் நிற்கிறார். மூன்று தடவை அமுக்குகிறார். முந்தானையால் முகத்தைத் துடைக்கிறார். ஜன்னலைப் பார்க்கிறார். பிறகு போய்விடுகிறார்.

அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம். எங்கள் வீட்டில் கார் இருக்கிறது, சார் ஓட்டுவார் என்று நம்பி ஓடி வந்திருக்கிறார். நாங்கள் திறக்காததால் அடுத்த தெருவரைக்கும் நடந்துபோய் ஒரு பையனை எழுப்பி, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அண்ணன் பிழைத்துக்கொண்டார், கடவுள் புண்ணியம். மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அக்கா கோபப்படவில்லை. "மூணு தடவ அமுக்குனேன் டீச்சர். உள்ள லைட்டு எரிஞ்சுச்சு. சரி, என்ன அவசரமோன்னு போயிட்டேன்" என்றார். அந்த 'லைட்டு எரிஞ்சுச்சு' இன்னும் எனக்கு உள்ளே குத்துகிறது. உள்ளே ஆள் இருந்தும் கதவைத் திறக்கவில்லை என்றுதானே அந்த மனுஷி நினைத்திருப்பார்? இத்தனை வருஷம் குழம்பும் கறிவேப்பிலையும் கைமாறிய வீடு.

அவர் அமுக்கிய மணி டெக்ஸாஸில் அடித்தது. பத்தடி தள்ளிப் படுத்திருந்த எங்களுக்கு அடிக்கவில்லை. இதற்குப் பெயர் பாதுகாப்பா?

1831-இல் அமெரிக்காவில் ஆல்பனி என்ற ஊரில் ஜோசப் ஹென்றி என்ற பள்ளி ஆசிரியர் ஒரு மைலுக்கும் மேல் நீளமான கம்பியில் மின்சாரம் அனுப்பி மறுமுனையில் மணியடித்துக் காட்டினார். மின்சார மணிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட அன்றைக்கே வழி பிறந்துவிட்டது. நல்லதுதான். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லி அவர் சொல்லவில்லை. மனுநீதிச் சோழன் கட்டிய மணியைப் பசு இழுத்தபோதும் சத்தம் அரண்மனைக்குள் கேட்டதால்தான் நியாயம் கிடைத்தது.

தீபாவளிக்கு டாலஸிலிருந்து வந்த ஒரு சின்னமனூர்ப் பையனிடம், 16 வோல்ட்டில் அடிக்கும் ஒரு சைமை மகள் கொடுத்தனுப்பினாள். பழைய காலத்து மெக்கானிக்கல் சைம்தான். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஆணியில் செம்புக் கம்பி சுற்றி பேட்டரி கொடுத்துக் குண்டூசி எடுக்கவைப்பேனே, அதே மின்காந்தம். அமுக்கினால் சுருள் இரும்புத் தண்டை இழுத்து ஒரு பட்டையில் அடிக்கும், விட்டால் ஸ்பிரிங் தள்ளி அடுத்த பட்டையில் அடிக்கும்.

மாட்டியதும் ஒழுங்காக அடித்ததா? இல்லை. மூன்று கோளாறு. வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் சத்தமே வரவில்லை. ஒயரில் குறை இல்லை. போன் செயலியில் 'சைம் இல்லை' என்று பழைய அமைப்பே இருந்தது. 'மெக்கானிக்கல்' என்று மாற்றியதும் அடித்தது.

அடுத்து, 'டிங்' மட்டும் வந்தது, 'டாங்' வரவில்லை. சைமில் பிரண்ட், டிரான்ஸ், ரியர் என்று மூன்று முனை. ரியர் என்பது பின்வாசலுக்கு, அது ஒற்றைச் சத்தம்தான் போடும். வாசல் ஒயரை பிரண்டுக்கு மாற்றினோம்.

மூன்றாவது, யாரும் அமுக்காதபோதும் வண்டு போல 'ங்ங்' என்று ஒரு ரீங்காரம். வீடியோ டோர்பெல் தான் விழித்திருக்கத் தேவையான மின்சாரத்தைச் சைமின் சுருள் வழியாகவே எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும். அதில் தண்டு லேசாக அதிரும். அதற்காகவே கருவியோடு தந்திருந்த ஒரு சின்னப் பெட்டியைச் சைமின் இரண்டு முனைக்கும் குறுக்கே மாட்டவேண்டும். அவன் அதைத் தேவையில்லாத சாமான் என்று ஒதுக்கி வைத்திருந்தான். மாட்டியதும் ரீங்காரம் அடங்கியது.

பிறகு ரூட்டரை அணைத்துவிட்டு அமுக்கிப் பார்த்தோம். டிங்-டாங். மெயின் சப்ளையை நிறுத்தி, இன்வெர்ட்டரில் அமுக்கிப் பார்த்தோம். டிங்-டாங். சார் உள்ளறையிலிருந்து "யாரு?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிலர் கேட்பீர்கள், "டீச்சர், இதுக்கா இவ்வளவு பாடு? பிளக்கில் செருகுகிற ஒயர்லெஸ் சைம் கடையில் கிடைக்குதே" என்று. தாராளமாக வாங்குங்கள். எந்த மணி என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. எங்கே அடிக்கிறது என்பதில்தான் பிடிவாதம். கேமராவுக்கும் நான் எதிரி இல்லை. தனியாக இருக்கும் வயசானவர்கள் கதவைத் திறக்குமுன் ஆளைப் பார்த்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் மணி என்பது வீட்டில் இருப்பவருடையது. நீங்கள் அங்கிருந்து பார்ப்பது கூடுதல் வசதி. வேலை நேரத்தில் நீங்கள் போனைப் பார்க்க முடியாது, நாங்கள் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு திரிய முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷி மழையில் நிற்கிறாள்.

ஆகவே பெற்றோருக்கு இப்படி எதையாவது வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளே, மூன்று விஷயம் செய்யுங்கள். ஒன்று, கருவியின் முதுகில் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். நம் வீட்டு பெல் லைன் 230 என்பதை மறக்காதீர்கள். இரண்டு, மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, தெரிந்த வயர்மேனை வைத்தே செய்யுங்கள். டிரான்ஸ்பார்மரை மூடிய பெட்டிக்குள் ஃபியூஸோடு வையுங்கள். வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லை என்றால் அதையும் போட்டுவிடுங்கள். மூன்று, ஊருக்குக் கிளம்புமுன் எல்லாப் போனையும் அணைத்துவிட்டு வாசலில் போய் நின்று ஒரு தடவை அமுக்குங்கள். உள்ளே அப்பா அம்மாவுக்குக் கேட்டால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அக்காவிடம் சைமைக் காட்டி நடந்ததையெல்லாம் சொன்னேன். அவரே போய் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இப்ப நல்லாக் கேக்குது டீச்சர்" என்று சிரித்தார். போன வாரம் கறிவேப்பிலை கேட்டு வந்தார். பெல் அடித்துத்தான் வந்தார்.

நீங்களும் இந்தப் பக்கம் வந்தால் வாருங்கள். தேனியிலிருந்து கம்பம் ரோட்டில்தான் வீடு. வாசலில் நின்று ஒரு தடவை அமுக்கினால் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்