தூண்டில்காரரின் இலக்கு

விடுமுறை நாள்களில் சின்னமனூர் அருகே முல்லைப் பெரியாற்றங்கரையில் தூண்டிலுடன் அமரும் நம் இளைஞர்களுக்குப் பெரிய விராலே இலக்கு. ஆனால் மீனின் எடை நம் கையில் இல்லை. அது அல்லாஹ் அளிக்கும் ரிஸ்க். செயலின் தரமே நம் பொறுப்பு. இலக்கையும் அதிலேயே வைக்க வேண்டும்.

நீர்வேட்டையை அல்குர்ஆன் (5:96) அனுமதிக்கிறது. எனினும் எச்செயலிலும் இஹ்ஸானைப் பேணுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள் (முஸ்லிம்).

விராலுக்கு உயிருள்ள தவளையை முள்ளில் கோப்போர் உண்டு. தவளையைக் கொல்வதை நபியவர்கள் தடுத்துள்ளார்கள் (அபூதாவூத்). ஆகவே முதல் இலக்கு, ரப்பர் தவளையை நீர்ப்பரப்பில் இழுத்து விராலை ஈர்க்கும் பயிற்சி. இரண்டாவது, சிறு மீன்களை ஈரக்கையால் பிடித்து, முள்ளை நீக்கி, ஆற்றிலேயே விடுவது. உலர்ந்த கை மீனின் காப்பான வழுவழுப்பைத் துடைத்துவிடும். மூன்றாவது, அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவராமை. நான்காவது, மஃரிபு பாங்கு ஒலித்ததும் தூண்டிலைச் சுருட்டுவது. மீன் நன்கு கடிப்பதும் அந்திப்பொழுதில்தான். எனவே இதுவே கடினமானது.

நான்கையும் ஒரே நாளில் அடைய வேண்டியதில்லை. மாதம் ஒன்றைப் பற்றிக்கொள்ளுங்கள். சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் அமலையே அல்லாஹ் விரும்புகிறான். வெறுங்கையுடன் திரும்பும் நாளிலும் இவ்விலக்குகள் நிறைவேறியிருக்கும், இன்ஷா அல்லாஹ்.